பித்தளைத் தகட்டில் இல்லாத பேர்

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வேதக் கோயில் கல்லால் கட்டினது. வெள்ளைக்காரத் துரைமார் கட்டினது. அதைக் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு.

உள்ளே வலது சுவரில் ஒரு பித்தளைத் தகடு. இரண்டு உலகச் சண்டையிலும் செத்துப்போன ஏழு துரைமாருடைய பேர் அதில் வெட்டியிருக்கும். சனிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. விரலுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்கு நீளமான பேர். கடைசி ஆளுக்குச் சின்னப் பேர். வயசும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மலையிலிருந்து பனி ஜன்னல் வழியாக இறங்கி வரும். தகட்டில் என் முகமும் அந்தப் பேர்களும் ஒன்றாக மிதக்கும்.

என் அக்கா புருசனும் இரண்டாவது சண்டைக்குப் போனவர். மண்வெட்டி பிடிக்க ஆள் எடுத்தார்கள். கப்பலில் ஏற்றினார்கள். எகிப்து என்று சொன்னார்கள். ஒரு கடிதம் வந்தது. அப்புறம் இல்லை. சண்டை முடிந்தது, நாட்டுக்குச் சுதந்திரமும் வந்தது, மச்சான் வரவில்லை. செத்தார் என்ற கடதாசியும் வரவில்லை. அக்கா தாலியோடு இருப்பதா, கழட்டுவதா? சொல்ல ஆள் இல்லை.

மலைத்தண்ணி விழுகிற பீலியில் குடம் பிடிக்கும்போது பொம்பளைகள் சீண்டுவார்கள்.

"ஒன் ஆளு அங்கிட்டு ஒரு வெள்ளக்காரியக் கட்டிக்கிட்டு இருப்பாரு."

"கட்டட்டும். அவ சோறு ஆக்கத் தெரியாம முழிக்கட்டும்" என்பாள் அக்கா.

நவம்பரில் ஒரு ஞாயிறு, செத்த துரைமாருக்காக ஆராதனை நடக்கும். துரையும் துரைசாணியும் சட்டையில் சிவப்புக் கடதாசிப் பூ குத்திக்கொண்டு முன்னால் இருப்பார்கள். நாங்கள் பின்னால். ஒரு வருசம் புதுசாக வந்த பாதிரியார் தமிழ் ஆள். தகட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிறுத்தினார்.

எங்களுக்குப் பேர் கூப்பிடுவது என்றால், விடியக்காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுதான். கணக்கப்பிள்ளை கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லை என்றால் அன்றைக்குப் பேர் இல்லை, வேலை இல்லை. பிந்தி வருகிற ஆளுக்காகப் பக்கத்தில் நிற்கிறவர் குரல் கொடுப்பது வழக்கம்.

முதல் பேருக்கு ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு அக்கா எழும்பி நின்றாள்.

"வந்துக்கிட்டு இருக்காருங்க!"

துரைசாணி திரும்பிப் பார்த்தாள். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுக்கு வெளியே பனிக்குள், அந்த நீளமான பேர்க்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வருகிற மாதிரி இருந்தது. பின்னால் மற்றவர்களும். மச்சானைத் தேடினேன். அந்த வரிசையில் இல்லை.

ஆராதனை முடிந்து அக்கா பாதிரியாரை வாசலில் பிடித்தாள்.

"அத்தன பேரையும் கூப்பிட்டீங்க சாமி. எங்க ஆளையும் கூப்பிடுங்க."

"செத்ததுக்குக் கடதாசி இருக்காம்மா?"

"இல்லீங்க."

"அப்ப எப்படிச் செத்தவங்களோட சேக்கிறது?"

"செத்தாருன்னு நான் சொன்னேனா? கூப்பிடுங்கன்னுதானே சொல்றேன்."

பாதிரியார் பேரை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வருச ஆராதனையில் ஏழு பேரையும் கூப்பிட்டு முடிந்தது. பாதிரியார் புத்தகத்தை மூடினார். தகப்பன் பேரோடு சேர்த்து மச்சானுடைய பேரைக் கூப்பிட்டார். அக்கா எழும்பினாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை. நான் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பாதிரியார் ரொம்ப நேரம் காத்துக்கொண்டு நின்றார். அக்கா உட்கார்ந்தாள்.

இறங்குகிற வழியில் மிளகுக்கொடி ஏறின மரத்தடியில் நின்றாள். தாலியைக் கழட்டி என் கையில் தந்தாள்.

"கூப்பிட்டாச்சு. வரல."

வேட்டி முனையில் முடிந்துகொண்டேன். லயத்து வீடு வரைக்கும் பனி. முன்னால் போகிற அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது.