வாழைநார் சுற்றிய கை

எங்கள் கிராமபோனின் குறை அதன் புனலில் இல்லை, கையில் இருந்தது. ஊசி மாட்டிய சவுண்ட் பாக்ஸிலிருந்து புனலுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகிற குழாயைத்தான் கை என்போம். நல்ல கருவியில் அது புனலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கோட்டாற்றில் நான் பழசாக வாங்கியதில் கடைசிவரை ஒரே பருமன். போதாததற்கு, கை திரும்புகிற மூட்டில் காற்று கசிந்தது. கனத்த சத்தமெல்லாம் அங்கேயே ஒழுகிப்போக, மூக்கால் பாடுவது போன்ற மிச்சம்தான் வெளியே வந்தது.

வேறு யார் பாடியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். பாடியது என் தங்கை. திருவனந்தபுரத்துக்கு வந்திருந்த இசைத்தட்டுக்காரர்கள் அவளைப் பாடவைத்தார்கள். பாட்டு முடிந்ததும் இவள் சும்மா இராமல், "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டாள். அதுவும் தட்டில் பதிந்துவிட்டது. விற்க உதவாது என்று கழித்த அந்த ஒற்றை மாதிரித் தட்டு எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த தை பிறப்பதற்குள் அவள் கல்யாணமாகி மலேயாவுக்குக் கப்பலேறினாள்.

அம்மாவுக்குப் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. மாலையில் பூக்கட்டி முடித்ததும் தட்டைப் போடச் சொல்வாள். கடைசியில் வரும் அந்த ஒரு சொல்லுக்காக முழுப் பாட்டையும் பொறுத்துக்கொள்வாள். "முடிஞ்சுதா?" என்று தங்கை கேட்டதும், "முடிஞ்சிட்டு மக்கா, சாப்பிட வா" என்று புனலுக்குப் பதில் சொல்வாள். நான் கேலி செய்வேன். ஆனால் நானும் அதற்காகத்தான் காத்திருப்பேன்.

நாளாக ஆக அம்மாவுக்குக் காது மந்தமானது. "ஏலே, பிள்ளைக்க குரலு கிணத்துக்குள்ள இருந்து கேக்குது. உன்னால ஒண்ணும் செய்ய முடியாதா?" என்றாள். நானும் பெரிய மெக்கானிக் மாதிரி உட்கார்ந்தேன். பூக்கட்ட நனைத்து வைத்திருந்த வாழைநாரை எடுத்து, மூட்டில் இடைவெளி இல்லாமல் சுற்றினேன். அன்று கேட்ட குரலை என்னவென்று சொல்ல! தங்கை அடுக்களையில் நின்று பாடினாள். அம்மா அழுதாள்.

மறுநாள் நார் காய்ந்துவிட்டது. காய்ந்தால் நார் இறுகும். அதற்காகத்தானே நனைத்துக் கட்டுகிறோம்? பூக்கட்டியே பிழைக்கிற எங்கள் தோவாளையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அது தோன்றவே இல்லை. பாட்டு ஓட ஓடக் கை உள்நோக்கி நகர்ந்தாக வேண்டும். இறுகிய மூட்டு அதை விடவில்லை. பாட்டின் கடைசி அடியில் ஊசி மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அரைத்தது. நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். தட்டைக் கீறிக்கொண்டே போய் ஊசி நடுவே ஒட்டியிருந்த பெயர்க் காகிதத்தில் நின்றது.

நாரை அறுத்து எறிந்தேன். புது ஊசி போட்டு மறுபடி வைத்தேன். பாட்டு வந்தது. அது முடிந்ததும் ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். என் கையை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மலேயாவிலிருந்து வந்த கடிதத்தில், "அம்மா எனக்க பாட்டைக் கேக்காளா?" என்று எழுதியிருந்தாள். தினமும் கேட்கிறாள் என்று பதில் எழுதினேன். அது பொய்யில்லை. அன்றும் தட்டைப் போடச் சொன்னாள். பாட்டு ஓடி முடிந்தது, கரகரத்தது, நான் கையைத் தூக்கினேன். அம்மா புனலைப் பார்த்து, "முடிஞ்சிட்டு மக்கா, சாப்பிட வா" என்றாள்.