எங்களுக்கும் இலை போடுங்கள்

வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கைப்பேசியைத் திறந்தேன். எங்கள் பெற்றோர் குழுவில் ஸ்டெல்லா டீச்சரின் அண்ணன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தங்கச்சி விடியக்காலையில தவறிட்டா. பிள்ளைங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க." அவ்வளவுதான். அதற்குக் கீழே அழுகிற முகங்களும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. யாரோ ஒருவர், "பாவம், நல்ல மனுஷி" என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டீச்சருக்கு அறவே ஆகாத சொல் அந்தப் 'பாவம்'தான். கோபம் வந்த கையோடு அழுகையும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் "என்னாக்கா?" என்று கேட்டாள். எங்கள் ஊரான பாடாங் செராய்க்கு பஸ் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களான நீங்கள் அவரை அறிந்தவர்கள். சுங்கை லாலாங் தோட்டத்தில் பிறந்து, எங்கள் தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பை நடத்தியவர் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட இளையவர். என்னை 'அக்கா' என்பார், நான் அவரை 'டீச்சர்' என்பேன். என் மகள் தர்ஷினிக்கு ஆட்டிசம். இந்த நான்கு சொற்களை இன்று நான் சாதாரணமாக எழுதுகிறேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம். இரங்கல் கூட்டத்தில் யாராவது எழுந்து 'பொறுமையின் சிகரம்' என்று பேசினால் நம்பாதீர்கள். அவருடைய பொறுமையெல்லாம் பிள்ளைகளிடம் மட்டும்தான். பெரியவர்களிடம் அவருக்குப் பொறுமை கொஞ்சமும் கிடையாது.

ஒரு முறை பள்ளிக்கு யாரோ பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. பள்ளி முழுதும் வரிசையில் நிற்கும் சபைகூடல் நேரத்தில் சிறப்பு வகுப்புப் பிள்ளைகளை வகுப்பிலேயே வைத்திருக்கும்படி ஒரு மூத்த ஆசிரியை டீச்சரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் தலையை ஆட்டினார். மணி அடித்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் நிறுத்திவிட்டார். அதிகாரி பேசத் தொடங்கியதும் அவர்களில் ஒருவனான டேனேஷ் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தான். சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் அவன் அப்படித்தான் சுற்றுவான். "அவனக் கொஞ்சம் நேரா நிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் நிக்கிறது அப்படித்தான்" என்றார். அன்று நான் ஏதோ வேலையாகப் பள்ளிக்குப் போயிருந்தேன். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, ஆனால் அப்போது எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்கவில்லை.

அந்தக் காலத்தில் என் வாயில் ஓயாமல் வந்துகொண்டிருந்த சொல் 'சாரி'. கிளினிக்கில் சாரி, பஸ்ஸில் சாரி, கோயிலில் சாமியிடமும் சாரி. பாடாங் செராய் மளிகைக் கடையில் தர்ஷினி சோப்புக் கட்டிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடிக்காமல் அவள் நகர மாட்டாள். நான் கடைக்காரரிடம் சாரி, பின்னால் நின்ற மலாய்க்கார அம்மாவிடம் சாரி, அவர் கூட வந்த பிள்ளையிடமும் சாரி சொல்லிக்கொண்டிருந்தேன். சாமான் வாங்க வந்த டீச்சர் இதைப் பார்த்துவிட்டார். "எதுக்குக்கா இத்தனை சாரி? பிள்ள பொறந்ததுக்கா?" என்றார். நான் விழித்தேன். "சாரி வேணாம். விஷயத்தச் சொல்லுங்க, போதும்." சொன்னதோடு நிற்காமல், அந்த அம்மாவிடம் திரும்பி, "அனாக் டியா ஆட்டிஸ்மே, காக். துங்கு செக்கெஜாப், யா" என்று சிரித்தபடி சொன்னார். இவருடைய பிள்ளைக்கு ஆட்டிசம், ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா, அவ்வளவுதான். அந்த அம்மா "ஓ" என்றார், பொறுத்துக்கொண்டார். இத்தனை வருடமாக நான் எதற்காகக் கூனிக் குறுகினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

மருந்து சொல்லாத ஆள் இல்லை. மொட்டை போடச் சொன்னவர்கள், தாயத்துக் கட்டச் சொன்னவர்கள், குலதெய்வக் குற்றம் என்றவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான். டீச்சர் பக்கமும் சும்மா இல்லை. அவருடைய சர்ச்சுக்கு வருகிற ஒருவர், பிள்ளைக்குள் இருப்பதை ஜெபம் பண்ணி விரட்டித் தருகிறேன் என்று பள்ளிக்கே வந்துவிட்டார். டீச்சர் அவருக்குத் தேநீர் கொடுத்தார். "ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணே, வாங்கிக்கிறோம். விரட்டுறதுக்கு உள்ள யாரும் இல்ல. தர்ஷினி மட்டும்தான் இருக்கா" என்றார். வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டு ஆசீர்வாதம் மட்டும் பண்ணிவிட்டுப் போனார்.

என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். நாத்தனார் என்ற முறையில் மூன்றாவது முடிச்சு நான்தான் போட வேண்டும். "நீ மேடையில நிக்கணும் வசந்தி. அவள யாரு புடிச்சிக்கிறது? மேளச் சத்தத்துல கத்துவா. நல்ல காரியம் நடக்குற இடம்லா. வீட்டுல யாருகிட்டயாச்சும் விட்டுட்டு நீ மட்டும் வந்துரு." இதை நான் டீச்சரிடம் சொன்னபோது ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தாய்மாமன் கல்யாணத்துக்கு யாருக்கா மொத சொந்தம்?" அன்று சாயங்காலமே நான் பெரியம்மாவுக்குப் போன் பண்ணினேன். தர்ஷினி வராவிட்டால் நானும் வரமாட்டேன், முடிச்சுப் போட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சாரி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பறை கல்யாண மண்டபம் ஆனது. தர்ஷினிக்குச் சத்தமே ஆகாது என்று நான் நினைத்திருந்தேன். "சத்தம் இல்லக்கா, சொல்லாமக் கொள்ளாம வர்றதுதான் அவளுக்கு ஆகாது. எப்ப வரணும்னு அவ கையிலயே குடுத்துடுவோம்" என்றார் டீச்சர். தாலி கட்டும் நேரத்தில் ஒரு பெரியவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவார், உடனே கெட்டி மேளம் முழங்கும், இல்லையா? அந்த விரலை தர்ஷினிக்குக் கொடுத்தார். அவள் விரலைத் தூக்கினால் பிள்ளைகள் பிஸ்கட் டின்னைத் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். முதலில் விரல் நுனியால் மெதுவாக, பிறகு கையால், பிறகு குச்சியால். டேனேஷ் மட்டும் ஒரு நாளும் விரலுக்குக் காத்திருக்கவில்லை, முந்திக்கொண்டு அடித்துவிடுவான். தர்ஷினி அவனை முறைப்பாள். காலியாக இருந்த மண்டபத்துக்கு அவளை அழைத்துப் போனோம். மேடை, நாற்காலி, கழிப்பறைவரை படம் எடுத்து எங்கள் வீட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். தவில்காரரிடமும் டீச்சரே போய்ப் பேசினார். "பாப்பா கையப் பாத்துத்தான் அடிப்பேன், போதுமா?" என்றார் அவர்.

கல்யாணத்தன்று பட்டுப் பாவாடை, தலையில் காதை மூடும் கருவி, பக்கத்தில் டீச்சர். ஐயர் சைகை காட்டினார். டீச்சர் குனிந்து சொன்னார். தர்ஷினி விரலைத் தூக்கினாள். மேளம் முழங்கியது, அவள் நின்றாள், சிரிக்கவும் செய்தாள். தம்பி இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு எனக்கு விட்டான். நான் கயிற்றைக் கையில் எடுத்தபோது நாலாப் பக்கமிருந்தும் மஞ்சள் அரிசி வந்து விழுந்தது.

அட்சதை. எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்த நாங்கள் அட்சதையை மறந்துவிட்டோம். தோலில் சின்னதாக எது பட்டாலும் அவளுக்கு நெருப்புப் பட்டது போல இருக்கும். கழுத்துக்குள் அரிசி இறங்கியதும் அவள் அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள். கயிறு என் கையில், என் பிள்ளை கீழே. திரும்பிப் பார்த்தேன். டீச்சர் தன் பட்டுப் புடவையோடு அந்த அரிசிமேலேயே உட்கார்ந்துவிட்டார். அவளைத் தொடவில்லை, தூக்கவில்லை. ஒரு கை தள்ளி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தைத் தடுத்தார். என்னை அண்ணாந்து பார்த்து, "முடிச்சப் போடுங்கக்கா! நான் இருக்கேன்" என்று கத்தினார். போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன். அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை என்று என் தம்பி மனைவி கேலி செய்வாள்.

மேடையிலிருந்து இறங்கி ஓடினேன். பெரியம்மா அதற்குள் வந்து, வெளியே நின்ற காரைக் காட்டி, "தூக்கிக் காடிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் தரையிலிருந்தபடியே சொன்னார்: "அரிசி போடுவாங்கன்னு நான் இவகிட்ட சொல்லல. தப்பு என்னுது, பிள்ளையோடது இல்ல. கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் காத்தாடிய மட்டும் இந்தப் பக்கம் திருப்பி விடுங்க." ஒரு மண்டபத்துச் சனத்துக்கு நடுவில் ஓர் ஆசிரியர் தன் தப்பைச் சத்தமாகச் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். யாரோ மின்விசிறியைத் திருப்பினார்கள். நான் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரம் ஆனது. தர்ஷினி அடங்கினாள்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். "சாப்பிடாமயா? பந்தியில எங்களுக்கும் இலை போடச் சொல்லுங்க" என்றார் டீச்சர். முதல் பந்தியிலேயே உட்கார்ந்தோம். தர்ஷினி வெறுஞ்சோறும் அப்பளமும்தான் சாப்பிடுவாள். சாம்பார் வாளி வரும்போதெல்லாம் டீச்சர் அவள் இலைமேல் கையை விரித்து மறைத்தார், கரண்டியிலிருந்து சொட்டியதெல்லாம் அவர் கையில்தான். பெரியம்மா முறைத்தபடியே வந்து தர்ஷினி இலையில் இன்னோர் அப்பளத்தை வைத்துவிட்டுப் போனார். அது சமாதானமா கோபமா என்று எனக்கு இன்னும் தெரியாது. திரும்பும் வழியில் டீச்சர் சொன்னார்: "அடுத்த தடவ வேற எதையாச்சும் மறப்போம்கா. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

அதனால்தான், அடக்கத்துக்குப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போவோமா என்று குழுவில் ஒருவர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'டீச்சரின் பிள்ளைகள் இல்லாமல் டீச்சருக்கு அடக்கமா? அத்தனை பேரையும் அழைத்து வாருங்கள்' என்று எழுதினேன். முதல் நாளே தர்ஷினியை சர்ச்சுக்கும் கல்லறைக்கும் அழைத்துப் போனேன். மணி எப்போது அடிப்பார்கள் என்று டீச்சரின் அண்ணனிடம் கேட்டுவைத்தேன். குழிக்குள் பூப் போடுவார்கள் என்பதால் வீட்டில் செவ்வந்தி இதழ்களை வைத்துப் பழகினோம். மறுநாள் மணி அடித்தது, அவள் நின்றாள். பூப் போட்டார்கள், அவளும் போட்டாள். நான் கொஞ்சம் பெருமையோடுகூட நின்றேன் என்று நினைக்கிறேன். அப்போது பாதிரியார் புனித நீரைத் தெளித்தார். காற்று அதை அவள் முகத்தில் கொண்டுவந்து போட்டது.

தண்ணீரை நான் மறந்துவிட்டேன்.

தர்ஷினி செம்மண்ணில் விழுந்து அலறினாள். நான் வெள்ளைப் புடவையோடு அந்த மண்ணில் உட்கார்ந்தேன். தொடவில்லை, தூக்கவில்லை. கைகளை விரித்துக்கொண்டேன். அறிமுகமில்லாத ஓர் அம்மாள் குனிந்து, "காடியில கொண்டு போய் வையுங்களேன், பாவம்" என்றார். "என் மகளுக்கு ஆட்டிசம். தண்ணி தெளிப்பாங்கன்னு நான் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னுது. கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன். பாதிரியார் புத்தகத்தில் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தார். கூட்டமும் வேறு வழியில்லாமல் காத்திருந்தது.

அலறல் முனகலானது, முனகலும் நின்றது. தர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் செம்மண். சவப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்கினாள்.

அங்கிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கியது. கல்லறையில் போட்டிருந்த கூடாரத்தின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்த டேனேஷ், இப்போது மீசை முளைத்த டேனேஷ், சட்டென்று நின்றான். விரலைப் பார்த்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கைகளாலும் அடிக்கத் தொடங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நாற்காலியில், குடையில், தங்கள் தொடையில் அடித்தார்கள். கல்லறையில் கெட்டி மேளம். பெற்றோர்கள் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தார்கள். டீச்சரின் அண்ணன் அழுதுகொண்டே, "விடுங்க! அடிக்கட்டும். அவளுக்குக் கேக்கட்டும்" என்றார். தர்ஷினி விரலை இறக்கினாள். அத்தனை பேரும் நிறுத்தினார்கள். பாதிரியார் புத்தகத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து படித்தார்.

சாவில் கல்யாணச் சத்தமா என்று ஊரில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இதுதான்: பிள்ளை விழுந்த இடத்தில் நானும் உட்காருவேன், அவள் எழுந்த பிறகு அவளோடு பந்திக்குப் போவேன். அடுத்த மாதம் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து. நேற்று பெரியம்மா போன் பண்ணி, "அவளையும் கூட்டிட்டா வரப்போற?" என்று கேட்டார்.

"ஆமா பெரியம்மா. அன்னைக்கு என்னென்ன நடக்கும்னு ஒண்ணு விடாம முதல்லயே சொல்லிடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் இலை போடுங்க. அவ இலைக்கு சாம்பார் வேணாம்."