செத்த அம்மாவும் டத்தோவின் பொன்னாடையும்

எங்கள் நாடகக் குழுவில் நடிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாருமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூட நடித்தவர்களைப் பார்த்திருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். குழுவின் தலைவர்தான் நாடகத்தை எழுதுவார், இயக்குவார், கதாநாயகனாகவும் நிற்பார். பேரன் எடுத்த மனிதர், தலைக்கு மை அடித்துக்கொண்டு கல்லூரி மாணவனாக வருவார். அவரைவிட வயதில் சின்னவளான நான் அவருக்கு அம்மா. வசனம் மறந்துபோனால் மைக் சரியில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நாடகம் போட்டபோது, சுபாங் ஜெயாவிலிருந்து ஓர் இளம் திரைப்பட இயக்குநர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். எங்களைப் போன்ற குழுக்களை வைத்து நகைச்சுவைப் படம் எடுக்கப்போகிறாராம், அதில் அம்மா வேடத்துக்கு ஆள் தேடுகிறாராம். போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் பகலெல்லாம் கன்டெய்னர் எண்களைத் தட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேடத்தின்மேல் வெறியே வந்துவிட்டது. அதற்கு முன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

கடைசிக் காட்சியில் அம்மா சாக வேண்டும். செத்தேன். நன்றாகவே செத்தேன், முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தியது கேட்டது. மகன் என்மேல் விழுந்து அழுதுகொண்டிருந்த நேரத்தில், அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்த டத்தோ, அரசுப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், வாசலில் வந்துவிட்டார். சிறப்பு விருந்தினர் எப்போது வந்தாலும் நாடகம் நின்றுவிடும், அது இங்கே மரபு. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார். விளக்கைப் போட்டார்கள். டத்தோ மேடைக்கே ஏறி வந்தார், மாலை விழுந்தது. பொன்னாடை போர்த்த ஒரு பெண் வேண்டும். மேடையில் இருந்த ஒரே பெண் பிணம்.

தலைவர் குனிந்தார். "எழுந்திரும்மா, டத்தோ காத்துக்கிட்டு இருக்காரு. போத்திட்டு மறுபடி படுத்துக்கலாம்."

நான் அசையவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். இந்தக் கோமாளிகளுக்கு நடுவில் நடிகை யார் என்று அந்த இயக்குநர் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. கடைசியில் தலைவரே போர்த்தினார். டத்தோ என் தலைமாட்டில் நின்றுகொண்டு தமிழ் வளர வேண்டும் என்று பேசினார், பாதிக்குமேல் ஆங்கிலத்தில். அவர் இறங்கியதும் தலைவர் விட்ட இடத்திலிருந்து அழுதார்.

நாடகம் முடிந்து இயக்குநர் உள்ளே வந்தார். நேரே தலைவரிடம் போய், படத்தில் அவர் அவராகவே நடிக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா பண்ணீங்க அக்கா. ஆனா காமெடி படத்துக்கு ரொம்ப சீரியஸ் லா."

படம் கிள்ளானில் ஓடியபோது குழுவே கிளம்பிப் போனது. நானும்தான் போனேன், மானங்கெட்டு. திரையில் தலைவர் அழுகிறார், டத்தோ வருகிறார். செத்த அம்மா துள்ளி எழுந்து, புடவையைச் சரிசெய்து, பொன்னாடை போர்த்திவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள். அரங்கமே சிரித்தது. அந்த நடிகைக்குப் பிணமாகப் படுக்கக்கூடத் தெரியவில்லை, இமை துடித்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது தலைவருக்கு உறைக்கவே இல்லை. பாப்கார்னை மென்றபடி என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியாம்மா? அன்னைக்கு நான் சொன்னப்பவே எழுந்திருந்தா, அங்க நீதான் இருந்திருப்ப."

அந்த மனிதர் தன் வாழ்நாளில் பிசகில்லாமல் சொன்ன ஒரே வசனம் அது. அதையும் என்னிடமா சொல்லித் தொலைக்க வேண்டும்? சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.