உலகநாதன் சார் அழும் பக்கம்

எழுபத்து மூன்றாம் பக்கம் வந்ததும் உலகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். இனி அழுகைதான். மன்னார்குடிக் கல்லூரி ஒன்றில் பதினோரு வருஷமாக அதே ஆங்கில நாவலை நடத்துகிறார். ஏழை மேய்ப்பன் மகன் வளர்ந்து நீதிபதியாகும் கதை. பையன் வீட்டை விட்டுக் கிளம்பும் அந்தப் பக்கத்தில் அவர் குரல் உடையாத வருஷம் கிடையாது. கடைசி பெஞ்சில், எத்தனை நிமிஷம் அழுவார் என்று பந்தயம் கட்டுவார்கள்.

"ஏழையோட வலி தெரியணும்யா. அது தெரியாம என்ன பி.ஏ.?" என்பார், கைக்குட்டையை நான்காக மடித்தபடி.

வலி தெரிந்த மனிதருக்கு ஊருக்குக் கிழக்கே நாற்பது ஏக்கர் நஞ்சை. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மச்சினன், மாமியார், பல் முளைக்காத கடைசிப் பிள்ளை என்று ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிவைத்தார். ஆட்சி மாறிய வாரமே அவர் துண்டின் கரையும் மாறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் இன்னொரு சட்டம் வந்தது. குடிசை போட்டிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம். அவர் பண்ணையாள் அய்யாக்கண்ணு மனுப் போட்டான். உலகநாதன் பதில் மனுக் கொடுத்தார்: 'மேற்படி இடம் வைக்கோல் போர் போடும் இடம். அங்கே எவரும் குடியிருந்ததில்லை.' அய்யாக்கண்ணுவின் மகள் ஜெயா அவரிடமே பி.ஏ. படித்தாள். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவரும் அவர்தான்.

அந்த மாதம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். "நாவல்ல வாயே தெறக்காத ஒரு ஆளு இருக்கும். அத பேச விடுங்க. தமிழ்லயே எழுதலாம்."

ஜெயா எடுத்துக்கொண்டது பண்ணைக் குடிசையில் இருந்த கஞ்சி காய்ச்சும் பெண்ணை. நாவலில் அவளுக்கு இரண்டே வரி. வளர்ந்துவிட்ட பையனுக்கு அவள் எழுதும் கடிதமாக ஜெயா எழுதியிருந்தாள். உலகநாதன் வகுப்பில் உரக்கப் படித்தார்.

"தம்பி, நீங்க வளந்ததுக்கு முந்நூறு பக்கம். என் குடிசைக்கு ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியிலயும் என்னையக் காலி பண்ணிட்டாங்க. வாசல்ல முருங்கை நட்டேன், அடுப்படியில ஒடஞ்ச ஆட்டுக்கல்லு கெடக்கு, பதினெட்டு வருஷமா இங்கதான் ஒல வச்சேன்..."

"இங்கிலாந்துல முருங்கை மரமா சார்?" என்றது கடைசி பெஞ்ச்.

"அதான்யா கற்பனை!" என்றார். கண்ணாடி ஏற்கெனவே மேசைக்குப் போயிருந்தது. அய்யாக்கண்ணுவின் குடிசைப் பக்கம் அவர் ஒரு நாளும் போனதில்லை. இருபதுக்குப் பத்தொன்பது போட்டு, அடியில் எழுதினார்: 'இந்தப் பெண் அங்கே வாழ்ந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண் கலங்கிவிட்டது.' கீழே முழுக் கையெழுத்து, தேதியோடு.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் விசாரணை. "குடியிருந்ததுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று அதிகாரி கேட்டதும் அய்யாக்கண்ணு மகளைப் பார்த்தான். ஜெயா தாளை நீட்டினாள்.

அதிகாரி நிதானமாகப் படித்தார். "முருங்கை, ஒடஞ்ச ஆட்டுக்கல்லு. காலையில நான் நேர்ல பாத்துட்டு வந்த எடமாச்சே. சார், இது உங்க கையெழுத்துதானே?"

உலகநாதனுக்குக் காதெல்லாம் சுட்டது. ஊரறிய ரசித்துத் தொலைத்திருந்தார். "அது இலக்கியம் சார். இது ரெவின்யூ. ரெண்டையும் கொழப்பக் கூடாது."

"ஐயா, அந்த ஆட்டுக்கல்லு உங்க வீட்டுல தூக்கிப்போட்டதுதாங்க," என்றான் அய்யாக்கண்ணு, உதவி செய்கிறவன் மாதிரி.

ஆபீஸே சிரித்தது. மனை அய்யாக்கண்ணு பேருக்கே என்று அதிகாரி எழுதி முடித்தார். ஜெயா தாளுக்காகக் கை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்மா." உலகநாதன் அதை வாங்கி மேசைமேல் வைத்தார். பேனாவைத் திறந்து, பத்தொன்பதை அடித்து, பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார்.