ஃபிரிட்ஜின் மேல் இருந்த அம்மன்

போன ஆடி மாதம் என் அம்மாவை நான் இழந்திருக்க வேண்டும். இழக்கவில்லை. கருமாரியை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொன்னால்தான் என் மனசு ஆறும்.

திருவேற்காட்டில் ஒற்றை அறை வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மா மல்லிகாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. நான் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்து, இப்போது வேலைக்குப் போகிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். இதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும்.

எங்கள் வீட்டில் பூஜைக்கென்று தனியாக இடம் கிடையாது. அம்மன் படம் ஃபிரிட்ஜின் மேல்தான். அது பழைய ஃபிரிட்ஜ். சுவரில் இருந்தது இரண்டு துளை பிளக் பெட்டி. அதில் நுழையட்டும் என்று, பிளக்கின் தடித்த மூன்றாவது முள்ளை விற்றவரே உடைத்துக் கொடுத்திருந்தார். மின்சாரம் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோகும் முள் அது.

ஆடி வெள்ளியில் அம்மா வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, படத்துக்கு ஈர வேப்பிலை மாலை போடுவாள். மாலையிலிருந்து சொட்டும் மஞ்சள் நீர் ஃபிரிட்ஜின் முதுகில் மெதுவாக வழியும். சீரியல் பல்புகளின் சிவப்பும் பச்சையும் ஈரத் தரையில் மிதக்கும். சாம்பிராணிப் புகைக்குள் எங்கள் வீடு, குளத்துக்கு அடியில் இருக்கும் கோவில்போலத் தெரியும். அந்த நேரத்தில் நான் பேசவே மாட்டேன். பேசினால் கலைந்துவிடும்.

முதல் வெள்ளியன்று ஃபிரிட்ஜின் கதவில் குங்குமம் வைத்த அம்மா சட்டென்று கையை எடுத்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"பாப்பா, ஆத்தா என்னத் தொட்டாடி! விரல்ல ஜிவ்வுனு ஏறுது."

பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் மும்தாஜ் அக்கா ஓடிவந்து தொட்டுப் பார்த்தார். "எனக்கும்தான் ஏறுது. இன்னா மல்லிகா, உங்க ஆத்தா என்னையும் ஆட வைக்காம உட மாட்டா போல" என்று சிரித்தார்.

"அது கரண்ட்டும்மா. லீக் ஆகுது. தொடாத" என்றேன்.

"இன்னாடி, நாலு எழுத்து படிச்சா ஆத்தாளுக்கே பாடம் எடுப்பியா? ஊட்டுக்கு வந்தவள கரண்ட்டுன்னு சொல்லித் தொரத்துவியா?"

நான் பிளக்கைப் பிடுங்குவேன். வேலை முடிந்து வந்து பார்த்தால், அம்மா திரும்பச் சொருகியிருப்பாள். எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். ஆடி முடியும்வரை அம்மன் இருக்கும் இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். நான் படித்த படிப்பு என் அம்மாவிடமே செல்லவில்லை.

கடைசியில் கோவிலுக்குப் போய் அழுதேன். "தாயே, உன் பேரால் என் அம்மா ஆபத்தைத் தொட்டுக் கும்பிடுகிறாள். என் பேச்சு எடுபடவில்லை. நீதான் காக்க வேண்டும்." கேட்டது அவ்வளவுதான்.

மூன்றாம் வெள்ளி, விளக்கு வைக்கும் நேரம். அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. தலையோடு மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு கோவிலைச் சுற்ற வேண்டும். வீட்டில் விளக்கு ஏற்றும்வரை அந்தப் புடவையை மாற்றக் கூடாது. அப்படியே வெறுங்காலோடு உள்ளே வந்தவள், கண்ணை மூடி ஃபிரிட்ஜின் கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

அவள் உடம்பு நடுங்கியது. சாமி வந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை. கை கதவை விட்டு வரவில்லை.

கட்டிப்பிடித்து இழுக்கப் பாய்ந்தேன். அவள் புடவையிலிருந்து வழிந்த ஈரத்தில் என் கால்களும் இருந்தன. அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த கை. வேப்பிலை வாசம். பின்னால் யாரும் இல்லை. பல்புகளின் நிறங்கள் அப்படியே நின்றுவிட்டதுபோல இருந்தது. தொட்டால் நீயும் போவாய் என்று வகுப்பில் படித்தது அந்த அமைதிக்குள் மெல்லக் கேட்டது.

வெளி நடைக்கு ஓடினேன். எல்லா வீட்டு மெயின் சுவிட்சுகளும் அங்கே ஒரே பலகையில் இருந்தன. எது எங்களுடையது என்று தெரியவில்லை. "தாயே" என்று எல்லாவற்றையும் இழுத்து அணைத்தேன்.

இருள். அம்மா விழும் சத்தம்.

"எவடி அது, பாதித் தையல்ல கரண்ட்டப் புடுங்கினது!" என்று கத்திக்கொண்டே வந்த மும்தாஜ் அக்கா, அம்மாவைப் பார்த்ததும் வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டே அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு மூச்சு இருந்தது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்தார்கள். பழுதில்லை. உள்ளங்கையில் மட்டும் தீக்காயம். கட்டுப் போட்ட கையை என் தோளில் வைத்து அம்மா கேட்டாள், "ஏன் பாப்பா என்னப் புடிச்சு இழுக்கல?" நடந்ததைச் சொன்னேன்.

"ஆத்தா என்னத் தொட்டான்னு நெனச்சிகினு இருந்தேன். அவ தொட்டது உன்னத்தான்டி."

இப்போது அம்மன் சுவரில் மரப்பலகையில் இருக்கிறாள். வேப்பிலை அங்கே சொட்டட்டும். ஃபிரிட்ஜுக்கு மூன்று முள் பிளக்கும், சரியான எர்த்தும் வந்துவிட்டன. கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் மாட்டினோம். வீட்டுக்குள் செருப்பையே விடாத அம்மா, ஃபிரிட்ஜைத் திறக்க ஈரக் கையைத் துடைத்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொள்கிறாள்.

மாதத்தின் முதல் வெள்ளியில் அந்தக் கருவியின் சோதனைப் பொத்தானை அவள்தான் அழுத்துவாள். 'தட்' என்று வீடு அணையும். ஃபிரிட்ஜின் முனகல் அடங்கும். அகல் விளக்கு மட்டும் நிற்கும். அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"சுவிட்சுக்கெல்லாமா கும்புடுவ?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அவ முழிச்சிகினு கீறாளான்னு பாக்குறேன்டி."

உங்கள் வீட்டில் எதைத் தொட்டாவது ஜிவ்வென்று ஏறினால், முதலில் கையை எடுங்கள். மெயினை அணையுங்கள். சரிசெய்யும்வரை யாரையும் தொட விடாதீர்கள். மனசில் பயம் மிஞ்சினால் அவளைக் கூப்பிடுங்கள். அவள் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.