டோரதி சொல்லாமல் விட்ட பெயர்

மந்தைவெளியில் ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் டோரதி டியூட்டிக்கு வரும்வரை காத்திருப்பார்கள். நர்ஸ் வேலையில் அவளுக்கு அப்படி ஒரு கை. டாக்டர் டெரிக் சின்னதாக நர்சிங் ஹோம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே அவள்தான் எல்லாம். இருவரும் ஒரே சர்ச்சில் ஒன்றாக ஞானோபதேச வகுப்புக்குப் போனவர்கள். அவருடைய மகளின் ஞானஸ்நானத்தில் டோரதிதான் ஞானத்தாய். அந்த உரிமையில் ஒரு பழக்கம் வேர் பிடித்துவிட்டது. டாக்டர் போனில் மருந்தைச் சொல்வார், அவள் போடுவாள், அவர் வந்தபிறகு எழுதிக் கையெழுத்துப் போடுவார். தப்பு என்று இருவருக்கும் தெரியும். சொந்தம் மாதிரி பழகிவிட்ட இடத்தில் சட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

பெயின்டர் தணிகாசலம் காலில் சீழ் வைத்து வந்து படுத்தார். அரசாங்கம் ஆற்றோர வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டாலும் வைத்தியத்துக்கு இங்கேதான் வருவார்.

"டெஸ்ட் டோஸ் எல்லாம் வேணாம் டோரதி. தெரிஞ்ச ஆளுதானே, போட்டுடு" என்றார் டாக்டர் போனில்.

முதலில் துளி மருந்து போட்டு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்காமல் முழுசாகப் போட்டாள். உடம்பு தடித்து, மூச்சு அடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் மூச்சு அடைத்ததில் மூளை அடிபட்டு, பிரஷ் பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது, பேச்சும் குழறியது. டாக்டர் அன்று எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று டோரதி நினைத்தாள், பைத்தியக்காரி.

"நீ நேர்ல போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு. தவக்காலம் வேற, மன்னிப்பு கேட்டா புண்ணியம். அவங்க மனசு ஆறிடும், கம்ப்ளெயின்ட் கொடுக்க மாட்டாங்க" என்றார் அவர்.

போனாள். தணிகாசலத்தின் மனைவி தேவானையின் காலைப் பிடித்துக்கொண்டு, "என் கையாலதாம்மா ஆச்சு" என்று அழுதாள். டாக்டர் பெயரை எடுக்கவே இல்லை. சர்ச் ஃபாதரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் உன் பாவத்தை மட்டும் சொல், அடுத்தவர் பாவத்தைச் சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவள் அவள்.

தேவானை புகார் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நர்ஸ் கவுன்சிலில் விசாரணை வைத்தார்கள். பதிவு போனால் டோரதி எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொட முடியாது.

"இந்தம்மாதான் எங்க வூட்டாண்ட வந்து கால்ல வுழுந்துச்சு. எங்கையாலதான் ஆச்சுன்னு அழுதுக்கினே சொல்லிச்சு" என்றாள் தேவானை. அதில் ஒரு பொய்யும் இல்லை.

பொய்யைச் சொல்ல டாக்டர் வந்திருந்தார். "போன்ல பேசினேன். டெஸ்ட் டோஸ் கொடுத்துப் பார்த்துட்டுப் போடச் சொன்னேன். சிஸ்டர் அவசரப்பட்டுட்டாங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்களே."

சிஸ்டராம்! இத்தனை வருடம் டோரதி என்று கூப்பிட்டவர்! அவள் எழுந்தாள்.

"இவர்தான் மேடம் என்னை மன்னிப்பு கேக்க அனுப்புனாரு!"

"அப்போ அன்னிக்கே ஏன் இவர் பேரைச் சொல்லலை?" என்று விசாரணை அதிகாரி நியாயமாகத்தான் கேட்டார். அடுத்தவர் பாவத்தைச் சொல்லக் கூடாது என்றுதான் வளர்ந்தேன் என்றாள் டோரதி. அங்கே அது எடுபடவில்லை. இரண்டு வருடத்துக்குப் பதிவை நிறுத்தி வைத்தார்கள்.

அடுத்த வாரம் டெரிக் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நம்பி அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மனசுல வெச்சுக்காதே. என் லைசென்ஸ் போனா நர்சிங் ஹோமையே மூடணும். நீ நாளைக்கே வந்துடு. யூனிஃபார்ம் வேணாம். ஊசி எல்லாம் நீயே போடு, புதுசா வந்திருக்காளே நர்ஸ் லிண்டா, அவ பேர்ல எழுதிக்கலாம்."

டோரதி கேக் பெட்டியை அவர் மடியிலேயே வைத்தாள்.

"என்னை மன்னிப்பு கேக்க அனுப்பத் தெரிஞ்சுது. உங்களுக்குக் கேக்கத் தெரியலையே டாக்டர்."

"இப்போ நான் என்ன சொல்லிட்டேன்?" என்றார் அவர். உண்மையிலேயே புரியவில்லை. "லிண்டா ஒத்துக்குவாளான்னு யோசிக்கிறியா? சரி, அவகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் டோரதி லிண்டாவுக்குப் போன் போட்டாள். நடந்தது அத்தனையையும், டெரிக் என்று பெயரைச் சொல்லியே சொன்னாள்.