பதினொரு ஒன்றுகள்

கணக்கு சார் கரும்பலகையில் பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எண்பதுகளில் பாப்பாரப்பட்டிப் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார், நான் அறிவியல் டீச்சர். "இது ஆயிரத்து நூத்திப் பதினோரு கோடிச் சொச்சமுங்க டீச்சர். எதாலயும் வகுபடாத பகா எண்ணுன்னு நெனைக்கறேன். காட்டிட்டா பத்திரிகையில என் பேரு வருமுங்க" என்றார். அந்த மனிதர் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வழியும் வைத்திருந்தார். இந்த எண்ணை ஏதாவதொரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை இருபத்திரண்டால் வகுக்கும்போது மீதி ஒன்று வரவேண்டுமாம். 23, 67, 89 என்று ஒரு லட்சத்துச் சொச்சம் வரை போய்ப் பார்த்தால் போதுமாம். போதுமாமே! ஏறக்குறைய ஆயிரம் வகுத்தல். பள்ளிக்கூடத்துக் கால்குலேட்டர் எட்டு இலக்கத்தோடு நின்றுவிடும். ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்து, சாப்பாட்டு மணியிலும் பள்ளி விட்ட பிறகும் நோட்டில் போட்டோம். வகுக்கும் எண்ணையும் வந்த மீதியையும் மட்டும் எழுதுவோம். என் பக்கங்களை அவர் திரும்பப் போட்டுப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் தருமபுரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்தில் கடைசி எண் 21649. இத்தனை எண் வகுபடவில்லை, இது மட்டும் வகுபட்டுவிடப் போகிறதா என்று, மனதில் தோன்றிய 7312-ஐ மீதியாக எழுதிவிட்டு ஓடினேன். சண்டாளி!

முடிந்ததும், எதாலும் வகுபடவில்லை, பகா எண்தான் என்று அவர் ஒரு பேராசிரியருக்கு எழுதினார். பதில் வருமுன்பே தலைமையாசிரியர் பிரேயரில் அறிவித்துவிட்டார், பிள்ளைகள் கைதட்டின. பிறகு அஞ்சலட்டை வந்தது: இது பகா எண் அல்ல, 21649-ஐ 513239-ஆல் பெருக்கிப் பார்க்கவும்.

தலைமையாசிரியர் அறையில் நோட்டைப் புரட்டினார் சார். என் கையெழுத்தைப் பார்த்ததும் பக்கத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "யாருங்க இதைப் போட்டது?" என்று தலைமையாசிரியர் கேட்டார். "நாந்தானுங்க. கண்ணு அசந்துட்டனுங்க." நான் வாயைத் திறக்கவில்லை. அன்று வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆறு வரிதான், மீதி பூஜ்யம்.

பிள்ளைகள் அவருக்கு 'வகுபடும் சார்' என்று பட்டம் கட்டின. அடுத்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எப்படி இருக்கிறார் என்று ஒரு கடிதம் போட எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் அவர் இறந்த செய்தி கேட்டு, காரியமெல்லாம் முடிந்தபின் போனேன். அவர் மனைவி என்னை அதற்குமுன் பார்த்ததில்லை. பேரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க டீச்சர். எந்நேரமும் உங்க பேச்சுதானுங்க வூட்ல. ஒரு தப்பில்லாம கணக்குப் போடறவங்க நீங்க ஒருத்தருதான்னு சொல்லிட்டே இருப்பாருங்க."

அப்போதும் நான் சொல்லவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.